வினை விரும்பும் உருபு

(ஏற்காட்டில் ஆங்கில ஆசிரியர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்தச் சேர்வராயன் மலைக்கு ஆங்கிலம் நேற்று வந்த விருந்தாளி அன்று. 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிப் பயிரை ஊன்றச் செய்த நாள் தொடங்கி, அந்தப் பாஷை இம்மலையில் வழங்கி வருகிறது. 1863-ஆம் ஆண்டு பல்லாவரத்தில் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்துத் தென்னாட்டின் தொன்மையை உலகறியச் செய்த புரூஸ் ஃபுட் என்னும் நிலவியல் அறிஞர், தம் ஓய்வுக்காலத்துக்கு வாசஸ்தலமாகத் தேர்ந்ததும் இந்த ஏற்காட்டைத்தான். 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியின் கீர்த்தியை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய பள்ளிகளின் மதிலுக்கு வெளியே, மலையாளிகள் என்று பெயர் பெற்றிருந்தும் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட மலைக்குடி மக்களின் பிள்ளைகளும், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும், வீட்டில் ஓர் ஆங்கிலச் சொல்லும் காதில் விழாத நிலையில், பாடப்புத்தகம் ஒன்றையே துணையாகக் கொண்டு அந்தப் பாஷையைக் கற்று வருகிறார்கள். இன்று நான் பேசப்போவது அந்தப் பிள்ளைகளைப் பற்றி. அவர்களுடைய எழுத்தில் மிகச் சிறியதாகத் தோன்றி, மிக நீண்ட காலம் நீங்காமல் நிற்கும் ஒரு பிழையைப் பற்றி.

மலைக்கு வந்து திரும்பிய மாணவன் ஒருவன் எழுதும் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் வண்டி ஏறியதையும், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்ததையும் பிழையின்றி எழுதுகிற பிள்ளை, அதன்பின் 'வீ ரீச்ட் டு ஏற்காடு' என்கிறான்; தொடர்ந்து 'வீ என்டர்ட் இன்டு தி கார்டன்' என்கிறான்; முடிவில் 'வீ டிஸ்கஸ்ட் அபௌட் காஃபி' என்று எழுதிக் கையெழுத்திடுகிறான். ஆசிரியர் சிவப்பு மையினால் 'டு', 'இன்டு', 'அபௌட்' ஆகிய மூன்றையும் அடித்துவிடுகிறார். அடித்தது சரிதான், ஆங்கில மரபில் அந்த மூன்று வினைகளுக்குப் பின்னும் அங்கே எந்த முன்னிடைச்சொல்லுக்கும் இடமில்லை. ஆனால் அடித்த காரணத்தை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஆகையால், அடுத்த கட்டுரையில் அந்த மூன்றும் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆசிரியர் மறுபடியும் அடிக்கிறார். இப்படியே அவன் கல்லூரிக்கும் போய்விடுகிறான், உத்தியோகத்துக்கும் போய்விடுகிறான்.

இந்தப் பிள்ளை கவனக்குறைவினால் பிழை செய்யவில்லை என்பதை முதலில் நாம் உணர்ந்தாக வேண்டும். அவன் மிகுந்த கவனத்தோடுதான் எழுதுகிறான். ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தோம், தோட்டத்துக்குள் நுழைந்தோம், காப்பியைப் பற்றிப் பேசினோம் என்று தன் உள்ளத்தில் எழுந்த தமிழின் 'கு', 'உள்', 'பற்றி' ஆகியவற்றுக்கு உரிய ஆங்கிலச் சொற்களைத் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றையும் விட்டுவிடாமல் வைத்திருக்கிறான். தமிழில் ஓர் உருபை விட்டால் வாக்கியம் குறைப்பட்டு நிற்கும் என்ற அறிவு அவனுக்கு இருக்கிறது. அந்த நல்லறிவுதான் ஆங்கிலத்தில் அவனை வழிதவறச் செய்கிறது. ஆகவே நோயின் மூலம் தமிழில் இருக்கிறது என்றால், மருந்தையும் தமிழிலேயே தேடிப் பார்ப்பது முறையல்லவா?

தேடினால் கிடைக்கிறது. ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தோம் என்று சொல்லும் அதே தமிழன், ஏற்காட்டை அடைந்தோம் என்றும் சொல்கிறான். 'சேர்' என்னும் வினை 'கு' உருபை விரும்புகிறது. 'அடை' என்னும் வினை 'ஐ' உருபை விரும்புகிறது. ஏற்காட்டுக்கு அடைந்தோம் என்று இம்மலையில் எந்தக் குழந்தையும் சொல்லாது. 'ரீச்' என்ற ஆங்கில வினைக்குச் 'சேர்' என்று பொருள் சொல்லிக் கொடுத்தோமானால், அதன் பின்னால் 'டு' வந்தே தீரும். 'அடை' என்று சொல்லிக் கொடுத்தோமானால், அதற்கு அங்கே வர வேலையில்லை. பிழை பிறந்தது மாணவனுடைய கையில் அன்று. அந்த வினைக்கு நாம் முதல் நாள் பலகையில் எழுதிய தமிழ்ச் சொல்லிலே பிறந்தது.

இந்த முறையை மற்ற வினைகளுக்கும் வைத்துப் பாருங்கள். 'டிஸ்கஸ்' என்பதற்குப் பேசு என்று பொருள் கூறினால் 'பற்றி' என்பது பின்னாலேயே வருகிறது; ஆராய் என்று கூறினால், பொருளை ஆராய்ந்தார்கள் என்று இரண்டாம் வேற்றுமையோடு காரியம் முடிந்துவிடுகிறது. 'டிஸ்க்ரைப்' என்பது பற்றிச் சொல்வதன்று, வருணிப்பது. 'மென்ஷன்' என்பது பற்றிக் கூறுவதன்று, குறிப்பிடுவது. 'எம்ஃபசைஸ்' என்பதற்கு அழுத்தம் கொடு என்று பொருள் எழுதிய வகுப்பில், எதன்மேல் அழுத்தம் என்ற கேள்வி எழுந்து 'ஆன்' என்னும் சொல் தானாக நுழையும். வலியுறுத்து என்று எழுதிய வகுப்பில் கருத்தை வலியுறுத்தினான் என்பதற்குமேல் ஒன்றும் தேவைப்படாது. 'அப்ரோச்' என்பதற்கு அருகில் போ என்பதைவிட அணுகு என்பதே தக்கது, மலையை அணுகினோம். 'ரிசெம்பிள்' என்பதற்குப் போல் இரு என்பதைவிட ஒத்திரு என்பதே தக்கது, தந்தையை ஒத்திருக்கிறான். 'மேரி' என்பதற்கு மண என்ற அழகிய சொல் நம்மிடம் இருக்கும்போது, ஒருவரோடு விவாகம் நடந்தது என்று சுற்றி வளைத்து, 'வித்' என்ற சொல்லை அதன் பின்னால் கொண்டுவந்து நிறுத்துவானேன்? இவையெல்லாம் தமிழில் 'ஐ' ஏற்கும் வினைகள். அவற்றுக்கு நேரான ஆங்கில வினைகளும் இடையில் துணை வேண்டாமல் செயப்படுபொருளை நேரே தழுவுகிறவை. இந்தப் பொருத்தம் எல்லா வினைக்கும் அமைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் அன்றாடம் பிழை செய்கிற வினைகளில் பெரும்பாலானவற்றுக்கு அமைகிறது என்பதை அனுபவத்தில் காணலாம்.

வினைதான் உருபைத் தேர்ந்தெடுக்கிறது என்னும் இந்த உண்மை மேல்நாட்டாரிடமிருந்து நாம் இரவல் வாங்க வேண்டியதன்று. தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல் என்று ஓர் இயலை வகுத்த ஆசிரியர், அதனோடு நிறுத்தாமல், வேற்றுமை மயங்கியல் என்று மற்றோர் இயலையும் வகுத்திருக்கிறார். எந்த உருபு எந்தப் பொருளைத் தரும் என்று முன்னதிலே சொன்னவர், எந்தச் சொல்லோடு சேரும்போது எந்த உருபு தன் எல்லையைக் கடந்து வேறோர் உருபின் ஸ்தானத்தில் நிற்கும் என்பதைப் பின்னதிலே ஆராய்கிறார். அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் உரியது, இரண்டாம் வேற்றுமையும் உரியது என்கிறார். புலியின் அஞ்சினான் என்றும் சொல்லலாம், புலியை அஞ்சினான் என்றும் சொல்லலாம், பொருள் ஒன்றே. நாமோ இன்று புலிக்கு அஞ்சினான் என்று நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் 'ஃபியர்' என்ற வினை ஒரு துணையும் வேண்டாமல் நிற்க, 'அஃப்ரெய்ட்' என்ற சொல் 'ஆஃப்' என்பதை வேண்டி நிற்கிறது. ஒரே அச்சம், ஆனால் சொல்லுக்குச் சொல் விருப்பம் வேறு.

அதே இயலின் தொடக்கத்தில் சார்தல் என்னும் சொல்லைப் பற்றிய விதியொன்று இருக்கிறது. இது என்னை மிகவும் கவர்ந்த விதி. தூணைச் சார்ந்தான் என்பதுபோல் உடம்பு ஒரு பொருளின்மேல் படுகிற சார்பு உண்டு. அரசனைச் சார்ந்தான் என்பதுபோல் உடம்பு படாத, உறவினால் மாத்திரம் ஆகிய சார்பும் உண்டு. இரண்டாவது வகைக்கு, 'ஐ' உருபோடு 'கண்' உருபும் உரியது, அரசன்கண் சார்ந்தான் என்று சொல்லலாம் என்பது விதி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்து 'என்டர்' என்ற வினையைப் பாருங்கள். அறைக்குள் காலெடுத்து வைக்கும்போது 'என்டர்' என்பதற்குப் பின் ஒன்றும் வராது. ஆனால் இருவர் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளும்போது 'என்டர் இன்டு' என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு நுழைகிற இடத்தில் ஒரு வழக்கு, உடம்பு நுழையாத இடத்தில் வேறொரு வழக்கு. எத்தனையோ காத தூரத்துக்கு அப்பாலுள்ள இரண்டு பாஷைகள், ஒன்றுக்கொன்று யாதொரு உறவும் இன்றி, ஒரே வகையான பேதத்தைக் கண்டு போற்றியிருக்கின்றன. நம் மாணவனுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், ஆங்கில இலக்கணத்தின்மேல் அவனுக்குள்ள அச்சமும் குறையும், தொல்காப்பியம் பரீட்சைக்கு மனனம் பண்ணும் நூல் என்ற அபிப்பிராயமும் குறையும்.

1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர், தமிழ் இலக்கண நூலார் வேற்றுமை எட்டு என்று எண்ணி வரையறுத்ததை ஒப்பவில்லை. பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற உருபுகள் எத்தனை உண்டோ அத்தனை வேற்றுமைகள் என்று கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். அந்த வாதத்துக்குள் நான் இப்போது புகவில்லை. ஆனால் ஆங்கிலமும் ஒரு காலத்தில் பெயரின் ஈற்றிலே உருபு ஏற்ற மொழிதான் என்பதை அவசியம் சொல்ல வேண்டும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பு வழங்கிய பழைய ஆங்கிலத்தில், பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கு வேற்றுமை ஈறு மாறின. பின்னர் அந்த ஈறுகள் தேய்ந்து உதிர, அவை செய்த வேலையின் பெரும் பகுதியைப் பெயருக்கு முன்னால் நிற்கும் சிறு சொற்கள் ஏற்றுக்கொண்டன. அத்தோடு லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஏராளமான வினைகள் வந்து புகுந்தன. இவற்றில் பல, உள், அருகு என்பன போன்ற பொருளைத் தம் உடம்பிலேயே சுமந்து வந்தவை. 'என்டர்' என்பதற்குள் உள் என்ற பொருளும், 'அப்ரோச்' என்பதற்குள் அருகு என்ற பொருளும் முன்னமே அடங்கியிருக்கின்றன. உள்ளே இருப்பதை வெளியே இன்னொரு முறை சொல்வதுதான் நம் மாணவன் செய்கிற பிழை.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. வேண்டிய இடத்தில் விட்டுவிடுவது. பாட்டைக் கேட்டான் என்ற தமிழைக் கொண்டு, 'லிஸன்' என்பதற்குப் பின் வர வேண்டிய 'டு' என்பதை விட்டுவிடுகிறார்கள். இங்கேயும் தமிழ் துணை செய்கிறது. 'ஹியர்' என்பது காதில் விழக் கேட்பது. 'லிஸன்' என்பது செவி கொடுப்பது. பெரியவர் சொல்லுக்குச் செவி கொடுத்தான் என்னும்போது நான்காம் வேற்றுமை தானே வந்துவிடுகிறதல்லவா? ஆனால் 'எக்ஸ்பிளெய்ன்' என்ற வினையில் இந்த உபாயம் பலிக்காது. எனக்குச் சொல், எனக்குக் காட்டு, எனக்குக் கொடு, எனக்கு விளக்கு என்று நான்கிலும் தமிழ் ஒரே உருபைத்தான் வைக்கிறது. ஆங்கிலமோ முதல் மூன்றிலும் 'மீ' என்று வெறுமனே வைத்து, நான்காவதில் மட்டும் 'டு மீ' என்று கேட்கிறது. சொல், காட்டு, கொடு என்னும் பொருளுடைய 'டெல்', 'ஷோ', 'கிவ்' என்பன ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொற்கள். 'எக்ஸ்பிளெய்ன்', 'டிஸ்க்ரைப்', 'சஜஸ்ட்' என்பன லத்தீன் வழியாக வந்தவை. அப்படி வந்தவை பெரும்பாலும் இரண்டு செயப்படுபொருளை அடுத்தடுத்து ஏற்பதில்லை. இந்தக் காரணத்தை மேல்வகுப்பில் சொல்லலாம். கீழ்வகுப்பில் முழு வாக்கியமாகச் சொல்லிச் சொல்லிப் பழக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, ஒரே வினை துணைக்குத் துணை பொருள் மாறும் விஷயம். 'லுக்' என்ற வினையைப்போல் மாணவரைத் திகைக்க வைப்பது வேறில்லை. இதற்குப் பட்டியல் எழுதிப் போடுவதைவிட, நம் கண்முன் உள்ள காப்பித் தோட்டத்துக்கே அவர்களை அழைத்துச் செல்லலாம். பழம் பறிக்கும் பருவத்தில், கூடையை இடுப்பில் கட்டிய பெண், சிவந்த பழம் எங்கே இருக்கிறதென்று கிளைதோறும் தேடுகிறாள். அது 'லுக் ஃபார்'. களத்தில் காயும் காப்பியை மழையும் ஆடும் அண்டாமல் முதியவர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். அது 'லுக் ஆஃப்டர்'. மேஸ்திரி ஒரு பிடி கொட்டையை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். அது 'லுக் அட்'. மூட்டைக் கணக்கு ஒன்று குறைகிறதென்று எழுந்த புகாரைத் தோட்டத்து அதிகாரி விசாரிக்கிறார். அது 'லுக் இன்டு'. அந்தப் பெண்ணோ சனிக்கிழமைக் கூலியை எதிர்பார்த்திருக்கிறாள். அது 'லுக் ஃபார்வர்ட் டு'. ஒரு தோட்டத்தின் ஒரு நாள் வேலைக்குள் ஐந்தும் அடங்கிவிட்டன. இந்த இடங்களில் தமிழ் உருபை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். பார், பார்த்துக்கொள், எதிர்பார் என்று துணைவினையாலும் முன்னொட்டாலும், தேடு, விசாரி என்று வேறு சொல்லாலும் நாம் பேதம் காட்டுகிறோம்; ஆங்கிலம் அதே பேதத்தைச் சிறு சொல்லைப் பின்னால் வைத்துக் காட்டுகிறது. ஆகையால் 'லுக்' என்பதை ஒரு சொல்லாகவும், 'ஆஃப்டர்' என்பதை மற்றொரு சொல்லாகவும் பிரித்துப் பொருள் சொல்லலாகாது. 'ஆஃப்டர்' என்றால் பின்னால் என்று தனியே கற்ற பிள்ளை, பின்னால் பார்ப்பதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம் என்று விழிக்காமல் என்ன செய்யும்?

'அரைவ்' என்னும் வினையைப் பற்றி ஒரு வார்த்தை. அது 'டு' என்பதை ஏற்பதில்லை. இரயில் நிலையம், பள்ளிக்கூடம், ஏரிக்கரை போன்ற இடங்களுக்கு 'அட்' என்றும், நாட்டுக்கும் பெருநகரத்துக்கும் 'இன்' என்றும் வரும். சிற்றூருக்கு 'அட்' என்பதே பழைய இலக்கணப் புத்தகங்களின் விதி. ஏற்காட்டுக்கு இரண்டும் பொருந்தும். வாழ்கிற ஊராக நினைக்கும்போது 'இன்' என்றும், வழியில் வண்டி நின்ற ஓரிடமாக நினைக்கும்போது 'அட்' என்றும் கொள்க.

கற்பிக்கும் முறைக்கு வருகிறேன். நம்மில் பலர் ரென்னும் மார்ட்டினும் எழுதிய இலக்கணத்தைக் கொண்டு கற்றவர்கள். பாலைவனப் படைவீரர் கதையான 'போ ஜெஸ்ட்' எழுதிப் புகழ் பெற்ற அதே ரென், இந்நாட்டுக் கல்வித்துறையில் பணியாற்றியவர். அந்த நூலின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் இன்ன சொல்லுக்குப் பின் இன்ன முன்னிடைச்சொல் என்று அதில் வருகிற பட்டியல்களை வாக்கியமின்றி உருப்போட்டதனால் நமக்கு விளைந்த நன்மை சொற்பமே. இதைவிடச் சிறந்த வழியை ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி காட்டினார். 1942-இல் டோக்கியோவில் வெளியாகி, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக உலகெங்கும் பரவிய அவருடைய அகராதியில், வினைகள் தமக்குப் பின்னால் எவற்றை எந்த வரிசையில் ஏற்கின்றன என்பதை 25 அமைப்புகளாக வகுத்து, ஒவ்வொரு வினைக்கும் அதன் அமைப்பின் எண்ணையும் குறித்தார். பொருளைச் சொல்வதோடு அகராதியின் கடமை தீர்ந்துவிடவில்லை, அந்தச் சொல்லை வாக்கியத்தில் வைக்கும் விதத்தையும் அது சொல்லியாக வேண்டும் என்பது அவர் கொள்கை. பிறமொழியாளருக்குக் கற்பித்தவராகையால் பிறமொழியாளரின் தேவை அவருக்குத் தெரிந்தது. 1950களின் இறுதியில் நம் சென்னை ராஜ்யத்திலும், ஒருவர் பலரைப் பயிற்ற, அப்பலர் மேலும் பலரைப் பயிற்றுவது என்ற முறையில், ஏறத்தாழ 27,000 தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி அளிக்கும் பெருமுயற்சி ஒன்று நடந்தது. தனிச்சொல்லை விட்டு வாக்கிய அமைப்பைப் பிடிக்க வேண்டும் என்பதே அதற்கும் அடிப்படை. அமைப்பைப் பிடித்தோம், நல்லது. ஆனால் தமிழை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டோம். பிள்ளையின் மனத்துக்குள் தமிழ் இருந்தே தீரும். அதை வெளியே நிறுத்த யாராலும் ஆகாது. எந்தத் தமிழ் வினை அங்கே நிற்க வேண்டும் என்பதை நாம் தேர்ந்து கொடுக்காவிட்டால், கைக்குக் கிடைத்த வினையை அவன் எடுத்துக்கொள்கிறான்.

கோடிட்ட இடத்தை நிரப்புக என்னும் பரீட்சைக் கேள்வியைப் பற்றியும் என் அபிப்பிராயத்தை ஒளிக்க விரும்பவில்லை. வினையை அச்சிட்டு, அதை அடுத்து வர வேண்டிய சிறு சொல்லுக்கு மட்டும் வெற்றிடம் விடுவது, அவ்விரண்டும் பிரிக்கத்தக்கவை என்ற எண்ணத்தைப் பிள்ளையின் மனத்தில் பதிக்கிறது. எதையாவது நிரப்பித்தான் ஆக வேண்டும் என்று அவன் பழகிவிடுகிறான். நிரப்பக்கூடாத இடம் உண்டு என்பதை அந்தக் கேள்வி அவனுக்கு ஒருநாளும் சொல்வதில்லை. 'ரீச்' என்ற வினைக்குப் பின் ஒரு வெற்றிடம் விட்டு, அங்கே ஒன்றும் எழுதாமல் கோடு மட்டும் போடுவதே சரியான விடை என்று அமைந்த கேள்வித்தாள் வெகு அபூர்வம்.

கடைசியாக, நண்பர்கள் சிலர் எழுப்புகிற ஓர் ஆட்சேபம். 'டிஸ்கஸ் அபௌட்' என்று இந்நாட்டில் எத்தனையோ பேர் சொல்கிறார்கள். சிங்கப்பூரிலும் நைஜீரியாவிலும் கூடச் சொல்கிறார்கள். பொருள் எல்லாருக்கும் விளங்குகிறது. பிறகு ஏன் அதைப் பிழை என்று ஒதுக்க வேண்டும் என்கிறார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆங்கிலேயர் 'ரைட் டு மீ' என்று எழுதுகிற இடத்தில் அமெரிக்கர் 'ரைட் மீ' என்கிறார்கள். ஒருவர் 'டிஃபரன்ட் ஃப்ரம்' என்றால் மற்றவர் 'டிஃபரன்ட் தேன்' என்கிறார். ஆகவே இதில் தர்க்கத்தின் ஆட்சியைவிட வழக்கின் ஆட்சியே பெரிது, வழக்கும் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மலையிலிருந்து இறங்கிச் சென்று, தன் எழுத்தைக் கொண்டே பிறரால் மதிப்பிடப்படப் போகும் பிள்ளைக்கு, அந்த வழக்குகள் இன்னின்னவை என்று தெரிந்து தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்க வேண்டும். தெரியாமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பது தேர்வாகாது. பட்டணத்துப் பெரிய பள்ளியின் மாணவனுக்கு வீட்டுப் பேச்சினாலேயே கிடைத்துவிடுகிற இந்தத் தெளிவு, நம் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைக்கு ஆசிரியரால்தான் கிடைக்க வேண்டும். நாளைக் காலையில் 'ரீச்' என்ற சொல்லைப் பலகையில் எழுதும்போது அதன் எதிரே அடை என்று எழுதுங்கள். அதன் கீழே ஏற்காட்டை அடைந்தோம் என்ற வாக்கியத்தையும், அதற்கு நேரான ஆங்கில வாக்கியத்தையும் எழுதி, 'ஐ' உருபின் அடியிலே ஒரு கோடு இடுங்கள். மறுநாள் 'அரைவ்', அதற்கு மறுநாள் 'என்டர்'.